எழுபத்தொரு சதவீதம்

துளசிமணி முதல் அடியை வரவேற்பறைக் கண்ணாடி மேல் அடித்தாள். இரண்டாவது அடி செக்யூரிட்டி தேவசகாயத்தின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தமும் அவர் அலறிய சத்தமும் சோதனைக்கூடம் வரைக்கும் கேட்டன. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கிறுக்கன் என்னத்தைப் போட்டு உடைக்கிறான் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். மூன்றாவது அடி எனக்கு.

என் பெயர் மயில்சாமி. கோயமுத்தூரில் தும்பி கார்களுக்கான சர்வீஸ் சென்டரில் பேட்டரி சோதிக்கிற வேலை, பதினோரு வருஷமாக. நல்லவன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். கோபம் வந்தால் எதிரே நிற்பவர் யார் என்று பார்க்காமல் பேசிவிடுவேன். கஸ்டமர்கள் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள். புகாரோடு வருகிற பாதிப் பேரை நானே விரட்டிவிடுவதால் மேனேஜர் சுதர்சனுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

இடது தோளில் விழுந்த அடியில் டீ கிளாஸோடு நானும் தரையில் கிடந்தேன். அவள் கையில் லாரி வீல் ஸ்பேனர். நாற்பது வயதிருக்கும். மொட்டைமாடிக்குக் கூலிங் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியின் நீலச் சீருடை, காலில் ஷூ. அழுத முகமில்லை அது. அழுது முடித்துப் பல நாளான முகம்.

"நீதான மயில்சாமி?"

"ஆமா, நீ யாரு? என்ன வேணும் உனக்கு?"

"நாச்சிமுத்து பொண்டாட்டி. டாக்ஸிக்காரன் நாச்சிமுத்து. நெனப்பிருக்குதா?"

நினைவிருந்தது.

தும்பி ஓட்டாத புண்ணியவான்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அது பெட்ரோல், கரண்ட் இரண்டிலும் ஓடுகிற வண்டி. ஊருக்கு வெளியே பெட்ரோலில் போகலாம். ஊருக்குள் புகை விடக் கூடாது என்று சுத்த வளையம் வந்த பிறகு, வளையத்து வாசலைத் தாண்டினால் எஞ்சின் தானாகப் பூட்டிக்கொள்ளும்; வெளியே வரும்வரை பேட்டரிதான் கதி. பேட்டரி எவ்வளவு தூரம் இழுக்கும் என்று வாசலுக்கு எப்படித் தெரியும்? நான் கையெழுத்துப் போடுகிற சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான். புது பேட்டரி அறுபது கிலோமீட்டர். எழுபத்தொரு சதவீதம் என்று நான் எழுதினால் நாற்பத்திரண்டு. வண்டியின் டாஷ்போர்டும் அதே எண்ணைத்தான் நம்பும். எழுபதுக்குக் கீழே போனால் கம்பெனி வாரண்டியில் புது பேட்டரி தர வேண்டும், இனாமாக.

நாச்சிமுத்து மூன்று முறை வந்தான். "முப்பத்தஞ்சத் தாண்டமாட்டேங்குதுங்க. உள்ள மாட்டிக்குவனோன்னு பயமா இருக்குதுங்க. கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூன்று முறையும் மெஷின் எழுபத்தொன்று காட்டியது. மூன்றாம் முறை, ஆறு கஸ்டமர்கள் முன்னால், "ஓட்டத் தெரியாதவனெல்லாம் தும்பி வாங்குனா இப்படித்தான். ஏசியை அமத்திட்டு பொண்டாட்டியை விசிறச் சொல்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான், பாவம்.

ஐந்து வாரத்துக்கு முன் மேம்பாலத்தின் உச்சியில், முப்பத்துநான்காவது கிலோமீட்டரில், இன்னும் எட்டு கிலோமீட்டர் பாக்கி என்று டாஷ்போர்டு காட்டும்போதே அவன் வண்டி செத்து நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரி நிற்கவில்லை. பின் சீட்டில் இருந்த அப்பனும் மகளும் அங்கேயே போனார்கள். கூட்டம் நாச்சிமுத்துவை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டுத் தாடையை உடைத்தது. மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. வளையத்துக்குள் டாக்ஸிக்காரர்கள் சிலர் ரோட்டோரக் கடைகளுக்குத் திருட்டுத்தனமாகப் பேட்டரி கரண்ட் விற்பதுண்டு. நாற்பத்திரண்டு ஓட வேண்டிய வண்டி முப்பத்துநான்கில் நின்றால், மிச்சக் கரண்டை விற்றுவிட்டான் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உயிர் போயிருப்பதால் ஏழு வருஷம். சாட்சி, என் கையெழுத்து.

"நாளைக்கிக் காலைல தீர்ப்பு" என்றாள் துளசிமணி. "கேஸு முடியற மட்டும் உங்க யார்டுலதான் கெடக்குது என்ற வண்டி. பேட்டரிக்கு ஒண்ணும் ஆவுல. கொண்டாந்து என்ற கண்ணு முன்னால சோதனை போடு."

"மூணு தடவ போட்டாச்சுன்னா அடுத்த ஆறு மாசத்துக்குப் போட முடியாதும்மா. கம்பெனி ரூல்" என்றபடி சுதர்சன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "ஹெட் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க. பதினஞ்சு வேலை நாள்ல பதில் வரும்."

"நாலு மெயில் போட்டேன். நாலுக்கும் ஒரே பதிலு. உங்க பொறுமைக்கு நன்றின்னு." ஸ்பேனரின் அடிப்பாகம் அவர் வயிற்றில் இறங்கியது. சுதர்சன் மடங்கி உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை வாந்தியெடுத்தார். தேவசகாயத்தை அவளே கையைப் பிடித்து வெளியே விட்டாள். "உங்கமேல எனக்கொண்ணும் கோவமில்லீங்க. ஆசுபத்திரிக்குப் போயிருங்க" என்றாள். பிறகு ஷட்டரை இறக்கி, அதன் பட்டன் பெட்டியை ஸ்பேனரால் நொறுக்கினாள்.

மற்றவர்கள் ஓடிவிட்டிருந்தார்கள்; உள்ளே மூன்று பேர்தான் இருந்தோம். சாயங்காலம் நாலு மணி. வெளியே கூட்டம் சேருகிற சத்தம் கேட்டது.

பின்வாசல் வழியாக யார்டிலிருந்து டிராலியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்பேனரோடு அவள் என் பொடனிக்குப் பின்னால் நடந்தாள். உள்ளே வந்ததும் பின்வாசலையும் பூட்டினாள். வண்டியின் பின்பாதி அப்பளமாக நொறுங்கியிருந்தது. சீட்டில் காய்ந்த ரத்தம். பேட்டரி நடுத்தரைக்குக் கீழே இருப்பதால் தப்பித்திருந்தது. ஒயர்களை மாட்டினேன். வெப்பம் பார்க்கிற குமிழைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டவைத்தேன். கட்டை விரல் நகமளவு உலோகக் குமிழ், அவ்வளவுதான்.

சோதனைக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் சுதர்சன் அவளிடம் கம்பெனியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரை பச்சையானது.

எழுபத்தொன்று.

"பாத்தீங்களா?" என்றார் சுதர்சன். "மெஷின் பொய் சொல்லாதும்மா."

துளசிமணி என் இடது கையைப் பிடித்து இரும்பு மேசைமேல் வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று புரிவதற்குள் செய்துவிட்டாள். இரண்டு விரல்கள். நான் போட்ட கூச்சலில் வெளியே இருந்த கூட்டம் ஒரு கணம் அடங்கியது.

"மறுபடி போடு."

"எத்தன தடவ போட்டாலும் அதேதான் வரும்! கொன்னாலும் அதேதான்!"

"அப்பக் கொன்னுட்டே பாக்கறேன். போடு."

கண்மண் தெரியாத வலி. ஒயர்களைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். இடது கை வீங்கித் தொங்கியது. எப்போதும் இடது கையில் பிடிக்கிற குமிழை வேறு வழியில்லாமல் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் ஒயர்களின் முறுக்கைத் தளர்த்தினேன்.

சந்தன வாசம் வந்தது.

வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். குமிழின் முகத்தில், பேட்டரியைத் தொடவேண்டிய அந்தப் பக்கத்தில், பழுப்பாக ஒரு பொருக்கு. நடுவில் கருத்துப்போன குங்குமம்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்னது அது?" என்றாள்.

"பொட்டு."

"என்ன பொட்டு?"

"ஆயுத பூஜைப் பொட்டு. நான் வச்சது."

பட்டறையில் வேலை செய்கிற எவனும் ஆயுத பூஜையன்று தன் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் இருக்கமாட்டான். எங்கள் கம்பெனியில் மெஷின்மேல் எந்த மதக்குறியும் கூடாது என்று விதி. முந்தின வருஷம் நான் மெஷினின் வெள்ளை மூடிமேல் வைத்த பொட்டைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் மதிப்பெண் குறைத்தான். சுதர்சன் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதனால் அடுத்த வருஷம் எவன் கண்ணுக்கும் படாத இடமாகப் பார்த்து, குமிழின் அடிமுகத்தில், சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். மறைவாக வைக்கிறோமே, சாமி கோவித்துக்கொள்ளக் கூடாதே என்று தாராளமாகவே அப்பினேன். பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழு மாதமாக அது உதிரவில்லை.

"அதுனால என்ன?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சூடா இருந்தா பேட்டரி நல்லாக் குடுக்கும், குளுந்து இருந்தா கம்மியாக் குடுக்கும். அதனால மெஷின் மொதல்ல சூட்டைப் பாக்கும். பேட்டரி குளுந்து கெடக்குதுன்னு நெனச்சா, பாவம், குளுருக்குக் கொறஞ்சிருக்குதுன்னு சேத்துப் போட்டுக் கணக்குச் சொல்லும். நடுவுல இந்தச் சந்தனம் இருக்குது. பேட்டரிச் சூடு மெஷினுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப?"

"அப்ப எல்லா வண்டிக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்குது."

சொல்லிக்கொண்டே சட்டை நுனியால் குமிழை அழுத்தித் துடைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். உலோகம் பளபளவென்று வந்தது. சாட்சியை நானே அழிக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. தப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்கிற பதற்றம் மட்டும்தான் இருந்தது.

இருபது நிமிஷம். திரை சிவப்பானது. ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு என்றால் முப்பத்துநான்கு கிலோமீட்டர், முப்பத்தைந்து. நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்ன அதே எண்.

துளசிமணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த ஏழு மாசத்துல எத்தன வண்டி?"

"முந்நூத்துச் சொச்சம்."

ஸ்பேனர் மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். செத்தால் சரிதான் என்று உண்மையிலேயே நினைத்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் ஸ்பேனரை இறக்கியிருந்தாள். "பிரிண்ட் எடு. கையெழுத்துப் போடு. வெசையா" என்றாள்.

போட்டேன். சுவரில் சாய்ந்து கிடந்த சுதர்சன் சிரித்தார். "நல்லாப் போடு மயிலு. மண்டை மேல ஸ்பேனரை வச்சு, வெரலை ஒடச்சு வாங்குன சர்டிபிகேட்டு. எந்த ஜட்ஜு ஏத்துக்குவாரு? ஏம்மா, நீ சும்மா வந்திருந்தாக்கூட ஒரு வழி இருந்திருக்கும்."

"சும்மாத்தான மூணு வாட்டி வந்தான்!" என்று கத்தியபடி அவள் அவர் முழங்காலில் போட்டாள். ஒருமுறை, இரண்டாவது முறை. அவர் சிரிப்பு நின்றது. நான்தான் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தேன்.

அதே நேரம் ஷட்டரை அறுத்துக்கொண்டு போலீஸ் உள்ளே வந்தது. அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நாலு லத்தி ஒருத்தி மேல். காகிதத்தை விடமாட்டேன் என்று சுருண்டு கிடந்தவளின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். "விடுங்கடா! அவ சொல்றது நெசம்டா!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் காகிதம் ரத்தத்தில் ஊறி இரண்டாகக் கிழிந்தது.

இன்ஸ்பெக்டரிடம் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "அதிர்ச்சியில உளர்றான் சார்" என்றார் ஸ்டிரெச்சரில் கிடந்த சுதர்சன். ஆம்புலன்ஸில் என்னைப் பக்கத்தில் படுக்கவைத்தபோது காதோடு சொன்னார்: "வாயை மூடிக்க மயிலு. அவன் உள்ள போறது அவன் தலையெழுத்து. நீ எதுக்குப் போகணும்?"

நியாயமான கேள்விதான். பொய்ச் சர்டிபிகேட்டால் உயிர் போனால், கையெழுத்துப் போட்டவனுக்கும் அதே தண்டனை. வாயை மூடிக்கொண்டால் விரல் கூடியதும் வேலைக்குப் போகலாம். படுத்துக்கொண்டே யோசித்தேன். பொண்டாட்டியை விசிறச் சொல்லு என்று நான் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை கட்டுப் போட்ட கையோடு கோர்ட்டுக்குப் போய், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, "ஐயா, அந்த ரெண்டு உசிரும் என் கணக்குங்க" என்றேன்.

கம்பெனியின் வக்கீல் ஒரு அம்மா, வசுந்தரா. என்னைக் கிழித்துத் தொங்கப்போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தன்மையாகக் கேட்டார். சந்தனம் கட்டையில் அரைத்ததா, பொடியைக் குழைத்ததா? எவ்வளவு தடிமன்? காய எத்தனை நாள் ஆனது? அதனால் எத்தனை சதவீதம் கூடியது? மேலே குங்குமம் வைத்தது ஒட்டுவதற்கு உதவியதா? நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொடியைப் பன்னீரில் குழைத்தேன், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், நாலு நாளில் இறுகிவிட்டது, பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் கூடியது என்று சொன்னேன். மூன்றாம் நாளே நீதிபதி ஏற்பாடு செய்த நிபுணர், என் கணக்கின்படியே பொட்டு வைத்துப் பார்த்து, ஐம்பத்தெட்டு எழுபத்தொன்றாவதை உறுதி செய்தார். இது ஒரு தொழிலாளியின் தனிப்பட்ட செயல், கம்பெனி விதிக்கு விரோதமானது, முந்நூறு வண்டிகளையும் வேறு கிளைகளில் மறுசோதனை செய்து தருகிறோம் என்று வசுந்தரா எழுதிக் கொடுத்தார். போகும்போது, "ரொம்ப நன்றி மயில்சாமி" என்று கும்பிட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்து வெளியே போனான். எனக்கு ஏழு வருஷம். துளசிமணிக்கு நாலு வருஷம். மூன்று பேரை அடித்த கேஸ் அப்படியேதான் நின்றது.

எட்டு மாதம் கழித்து நாச்சிமுத்து என்னைப் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். தாடை கோணலாகக் கூடியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச வந்தது.

"இப்ப ஆக்டிங் டிரைவருங்க. இன்னொருத்தரோட தும்பிய நேத்து வரைக்கும் ஓட்டுனேன். நீங்க சோதிச்ச முந்நூறுல ஒண்ணு."

"மறுசோதனை ஆச்சா?"

"சேலத்துல ஆச்சுங்க. நானேதான் ஓட்டிட்டுப் போனேன். முப்பத்தாறைத் தாண்டாத வண்டி."

"எவ்வளவு வந்துச்சு?"

"எழுபத்தொண்ணு."

எனக்குப் புரியவில்லை. அங்கே எவன் பொட்டு வைத்தான் என்று கேட்டேன்.

"உள்ள நொழையறப்பவே சந்தன வாசங்க. மெஷினுக்கு மாலை, ஊதுபத்தி. அரசாங்க ஆய்வாளரே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுக் கும்புட்டுட்டுத்தான் சோதனை போடறாரு. எண்ணைக் கூட்டறதுக்குச் சாப்ட்வேர்ல கை வச்சா கம்பெனிக்காரன் ஜெயிலுக்குப் போவணும். சாமி பொட்டைத் துடைன்னு எந்த ஆபீசர் சொல்லுவான்?"

சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கம்பிமேல் விரித்துப் பிடித்தான். சேலம் கிளையின் அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்தது. ஹெட் ஆபீஸ் சுற்றறிக்கை, எல்லாக் கிளைகளுக்கும். பண்பாட்டைப் போற்றும் வகையில் சோதனைக் கருவிகளுக்குப் பூஜை செய்யப்பட வேண்டும். சந்தனப் பொடி, பன்னீரில் குழைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன். வெப்பக் குமிழின் அடிமுகத்தில். நான்கு நாள் உலர வேண்டும். எக்காரணம் கொண்டும் துடைக்கக் கூடாது. கீழே கையெழுத்து, வசுந்தரா, சட்ட ஆலோசகர்.

எல்லாம் நான் கூண்டில் நின்று சொன்ன வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை. அந்த அம்மா என்னை விசாரித்தாள் என்று நினைத்தேனே, பாவி, என்னிடம் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த வண்டிய ஓட்ட முடியாதுன்னு சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேனுங்க" என்றான் நாச்சிமுத்து. "அஞ்சு நிமிசத்துல ஓனரு வேற டிரைவரைப் போட்டுட்டாரு. நாளையிலிருந்து ஸ்கூல் ட்ரிப்பு, வளையத்துக்குள்ள நாப்பது கிலோமீட்டரு." அவன் கண் சிவந்திருந்தது. "என்ற பொண்டாட்டி எதுக்குடா அடி வாங்குனா? எதுக்குடா உள்ள கெடக்கறா? நீ அவனுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறதுக்காடா?"

கம்பிக்கு இடையே கைவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முகம் கம்பியில் மோதியது. மறுபடி இழுத்தான். மூக்கு உடைந்தது. மூன்றாவதில் முன்பல் போனது. நான் கையைத் தூக்கவில்லை. வார்டர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அவன் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தான். காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகியிருந்தான்.

"எவன்யா அடிச்சது? இவனா?" என்றார் வார்டர்.

ஜெயிலுக்குள் கைநீட்டினால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். சட்டையைச் சோதிப்பார்கள். அந்தக் காகிதம் ஜட்ஜிடம் போகாது, குப்பைக்குப் போகும்.

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினேன். "எவனும் அடிக்கலீங்க. மயக்கமா வந்துச்சு, நானேதான் கம்பியில மோதிக்கிட்டேன். அவரை வெளிய அனுப்புங்க" என்றேன்.